கால் பதியாத தளம்

போன கோடை விடுமுறையில் அக்கா மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். உங்கள் வட்டாரத்து மண்ணிலிருந்து எடுக்கும் பொருளுக்கு அருங்காட்சியகம் ஏதாவது இருந்தால் பார்த்துவிட்டு நான்கு பக்கம் எழுதி வர வேண்டும். ஏழாம் வகுப்பு. நோட்டில் கட்டம் போட்டிருந்தது: காட்சிப் பொருளின் பெயர், கிடைத்த இடம், காலம், பயன். நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, “மாமா, நம்ம பக்கம் அப்பிடி ஒண்ணு இருக்குதா?” என்றாள்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் பிரம்மதேசம் எங்கள் ஊர். நெல்லும் மல்லாட்டையும் விளைகிற மண். கிழக்கே போகப் போகச் சவுக்குத் தோப்பு வரும், காற்றில் பிசுபிசுப்பு ஏறும், பிறகு சாலைக்கு அப்பால் வெள்ளைக் குவியல்கள் தெரியும். சின்ன வயதில் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் குவியல்களை எண்ணிக்கொண்டே போவேன். எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன், ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை. அவள் கேட்டபோதுதான் அது உறைத்தது.

முதலில் என் நினைவுக்கு வந்தது நெய்வேலி. சுரங்கம் என்றதும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் அதுதான் வரும். 1993 செப்டம்பர் வரைக்கும் நெய்வேலியும் மரக்காணமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். 1934இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது ஊற்றோடு கறுப்பாக ஏதோ வந்தது என்று தொடங்குகிற கதையை எங்கள் ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். பள்ளியில் படிக்கும்போது எங்களை அங்கே கூட்டிப்போய், விளிம்பில் நிறுத்தி, கீழே பார்க்கச் சொன்னார்கள். பெரிய சக்கரத்தில் கோத்த வாளிகள் மண்ணை அரித்துக்கொண்டிருந்தன. எனக்கு எந்திரத்தைவிடத் தண்ணீர்தான் மனதில் நின்றது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற நிலத்தடி நீர் பொங்கி மேலே வந்துவிடாமல், இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கம் இல்லை. அதே மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், மரக்காணத்து உப்பளத்தில் இருந்தவர்களின் பாடு இதற்கு நேர் எதிர். அவர்கள் நீரை உள்ளே வரவழைக்க வேண்டும், அதை நிற்கவைக்க வேண்டும், வெயிலிடம் ஒப்படைக்க வேண்டும்.

உப்பளத்தைச் சுரங்கம் என்று சொல்லலாமா என்பது எனக்கும் சந்தேகம்தான். இமாசலத்தின் மண்டிப் பக்கத்தில் பாறை உப்பைத் தோண்டி எடுக்கிறார்கள், பாகிஸ்தானின் கேவ்ராவில் மலையைக் குடைந்து எடுக்கிறார்கள், அவை சுரங்கங்கள். நம் அரசியல் சாசனம் மத்தியப் பட்டியலில் சுரங்கங்களை 54ஆவது இனமாகவும் உப்பை 58ஆவது இனமாகவும் தனித்தனியே வைத்திருக்கிறது. தமிழோ அதற்கு வெகுகாலம் முன்பே தன் முடிவைச் சொல்லிவிட்டது. நம் பேச்சில் உப்பை யாரும் தோண்டுவதில்லை, உப்பு விளைகிறது. பாத்தி, வரப்பு, வாய்க்கால், மடை, விளைச்சல் என்று சொல்லெல்லாம் வயலிலிருந்து வந்தவை. மண்ணுக்குள் இருக்கிற கனிமத்தைப் பயிராகப் பார்த்த மொழி இது. அதற்குக் காரணம் கவித்துவம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தோண்டியெடுத்த இடத்தில் குழி மிஞ்சும். விளைந்த இடத்தில் அடுத்த ஆண்டும் விளையும். வட ஆற்காட்டிலிருந்து நம் சனங்கள் சாரி சாரியாகப் போய் இறங்கிய கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபோது, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான துளையும், சயனைடு கலந்த கழிவுமண் மலைகளும், வேலையில்லாத ஊரும் மிஞ்சின. இங்கே மரக்காணத்தில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் அளம். எத்தனை தலைமுறை வாரியும் தரை தரையாகவே இருக்கிறது.

அவளிடம், “அருங்காட்சியகம் இல்ல கண்ணு, ஆனா பொருள் இருக்குது, போலாம் வா” என்றேன்.

மே மாதம். ஏழு மணிக்கெல்லாம் போய்விட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னதால் முதல் பேருந்தைப் பிடித்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே பாதி வேலை முடிந்திருந்தது. விடியுமுன்னே வந்து இறங்கிவிடுகிறார்கள். ஆண்கள் நீளக் கொம்பில் கட்டிய பலகையால் பாத்தியின் அடியிலிருந்து உப்பை இழுத்து வரப்போரம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சும்மாட்டின்மேல் கூடை வைத்து ஓட்டமும் நடையுமாகக் குவியலுக்குக் கொண்டுபோனார்கள். கூடையிலிருந்து ஒழுகுகிற நீர் கழுத்தில் இறங்கி முதுகில் கோடாகக் காய்ந்து வெளுத்திருந்தது.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா வரப்பில் உட்கார்ந்து பித்தளைத் தூக்கிலிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நோட்டோடு நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டு, “இன்னா பாப்பா, கணக்கெழுத வந்தியா?” என்றார். வந்த காரியத்தைச் சொன்னோம். அருங்காட்சியகம் என்ற சொல்லை நான் விளக்க, அவர் கொஞ்ச நேரம் யோசித்து, “செத்துப்போனத வெக்கிற எடந்தான?” என்று கேட்டார். அதில் கேலி துளியும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். நானும் மனதில் எழுதிக்கொண்டேன். கழியிலிருந்து வருகிற நீர் முதலில் பெரிய தேக்கத்தில் நிற்கும். கடல்நீருக்கு மூன்று டிகிரி. இந்த ‘டிகிரி’ வெப்பத்தின் அளவு இல்லை. கண்ணாடிக் குழாய் ஒன்றை நீரில் மிதக்கவிட்டுச் செறிவைப் பார்க்கிற போமே அளவு. அளத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் இந்தச் சொல் பழக்கம். நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று மடை மாறி மாறி வரும். வர வர நீர் குறுகும், டிகிரி ஏறும். வழியிலேயே ஜிப்சம் படிந்து பிரிந்துவிடும். 25 டிகிரியில் உப்புப் பூக்கும். 29, 30 வரைக்கும் விட்டால் மக்னீசியம் சேர்ந்து கசந்துபோகும். அதற்குள் வாரிவிட்டு மிஞ்சிய நீரை வெளியேற்ற வேண்டும். கடல்நீரின் உப்புகளையெல்லாம் ஒன்றாக வற்றவிடாமல், வேண்டியது மட்டும் படிகிற அந்த நாலைந்து டிகிரிக்குள் கையை வைப்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். ஆய்வுக்கூடத்தில் ‘பின்னப் படிகமாக்கல்’ என்று பாடம் எடுக்கிறோம். இங்கே வெயிலும் மடையும் அதைச் செய்கின்றன.

“குழாய் இல்லன்னா எப்பிடிக் கண்டுபிடிப்பீங்க, ஆயா?” என்று அக்கா மகள் கேட்டாள்.

“கால்ல தெரியும்” என்றார். “இறங்கி நின்னா தண்ணி கனமா இருக்கும். அப்பறம் கால்ல இருக்கிற புண்ணு சொல்லும்.”

பாதத்தைத் திருப்பிக் காட்டினார். பார்த்துவிட்டு அவள் எழுதுவதை நிறுத்தினாள். தோல் தடித்து, வெடித்து, வெடிப்பு ஆறாமலே அதன்மேல் இன்னொரு அடுக்காகத் தோல் வளர்ந்திருந்தது. கண்களும் அப்படித்தான். வெள்ளைத் தரையிலிருந்து திரும்பி அடிக்கிற வெயிலை நாற்பது ஆண்டுகள் வாங்கிய கண்கள் எப்போதும் பாதி மூடியே இருந்தன. தண்ணீர் குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும், வெட்டவெளியில் ஒதுங்க எங்கே இடம், அதனால் குடிக்காமலே இருந்து பழகிவிட்டோம் என்று பக்கத்தில் இருந்த இளம்பெண் மெதுவாகச் சொன்னார். உப்பின் நடுவில் நின்றுகொண்டு தாகத்தை அடக்குகிற இந்தப் பழக்கம் எந்தச் சிறுநீரகத்தில் போய் முடியும் என்று தெரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. நிழலுக்கு ஒரு கொட்டகை, கதவுள்ள ஒரு கழிப்பறை. பாரம்பரியம் என்ற சொல்லை நாம் எடுப்பதற்கு முன்னால் செய்து முடித்திருக்க வேண்டியவை இவை.

இந்தக் கரையின் பாரம்பரியம் சின்னதில்லை. சிறுபாணாற்றுப்படை நல்லியக்கோடனின் ஓய்மா நாட்டைப் பாடுகிற நூல். அதில் வருகிற கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. எயிற்பட்டினம் இந்த மரக்காணந்தான் என்பது அறிஞர்கள் கருத்து. அதே நூலில் கொற்கையைச் சொல்லும் இடத்தில் ஒரு காட்சி உண்டு: உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகப் போகிற உமணர்கள் வளர்த்த மந்தி ஒன்று, முத்து அடைத்த சிப்பியைக் கிலுகிலுப்பையாக்கி உமணர் பிள்ளைகளோடு விளையாடுகிறது. முத்து வெறும் விளையாட்டுப் பொருள், வாழ்க்கையோ உப்பில். எங்கள் ஊருக்கு உப்பு வண்டி வந்ததை என் ஆயா சொல்லியிருக்கிறாள். ஒற்றைமாட்டு வண்டி, படியால் அளப்பார்கள், காசு இல்லாவிட்டால் நெல்லைக் கொடுத்து வாங்கலாம். விளக்கு வைத்த பிறகு அவள் உப்பு என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டாள். கடனாகவும் கொடுக்க மாட்டாள். மரவையில் உப்புத் தீர்ந்துபோக ஒருநாளும் விட்டதில்லை.

அரசுகளுக்கும் உப்பின் அருமை தெரிந்திருந்தது. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பு முழுவதையும் தன் ஏகபோகமாக்கியது. சதுப்பில் தானாகப் பூக்கிற உப்பைக்கூட ஏழைகள் அள்ளிவிடாமல் அதிகாரிகள் அழித்தார்கள். மரக்காணத்து அளத்தை ஒட்டிய கழுவேலிச் சதுப்பின் ஓரத்தில் நிற்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். கோடையில் அங்கே தரை தன்னால் வெளுக்கும். கையை நீட்டினால் உப்பு, நீட்டுவது குற்றம். பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற இடமும் மரக்காணம்தான். ஆந்திரத்தின் பெத்த கஞ்சாமிலிருந்து ஏறத்தாழ 420 கிலோமீட்டர் கடலோரமாகவே வருகிறது. 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய வேலை, தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக நீண்டது. பசித்தவர்கள் வெட்டிய அந்தக் கால்வாயில் பிறகு உப்பும் விறகும் படகேறிப் பட்டணத்துக்குப் போயின.

சில ஆண்டுகளுக்கு முன்பு வேதாரண்யம் போயிருந்தேன். உப்புக்கு நினைவிடம் என்று தமிழ்நாட்டில் இருப்பது அந்தப் பக்கம்தான். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு பேர் கிளம்பினார்கள். ஏப்ரல் 28 வேதாரண்யம் சேர்ந்து, 30 அன்று அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். வழியில் யாரும் சோறோ இடமோ கொடுக்கக் கூடாது என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் உத்தரவு போட, ஊர்க்காரர்கள் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை வைத்துவிட்ட நாவிதர் வைரப்பன் சிறைக்குப் போனார். அகத்தியம்பள்ளித் தூணின் முன் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது, அதைச் சொல்ல வெட்கமில்லை. ஆனால் சாலையின் மறுபக்கம் பார்க்கத் திரும்பியபோது வேறொன்று தோன்றியது. அன்று அள்ளியது ஒரு பிடி. அந்த ஒரு பிடியின் நாள், நேரம், ஆள் எல்லாம் நமக்குத் தெரியும். அதற்கு முந்தின நாளும் மறுநாளும், 1947 ஏப்ரலில் உப்பு வரி ஒழிந்த பிறகும், இதே கரையில் டன் டன்னாக வாரியவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி அளங்களுக்கே போய்த் தங்கிக் கேட்டு ‘கரிப்பு மணிகள்’ எழுதாமல் போயிருந்தால், இலக்கியத்திலும் அவர்களுக்கு இடம் இருந்திருக்காது.

அப்படியானால் மரக்காணத்தில் ஓர் அருங்காட்சியகம் கட்டலாமா? இதைப் பல நாட்கள் யோசித்தேன். சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியபோது அதன் முதல் சேகரிப்பு 1,100 பாறை, கனிம மாதிரிகள். கல்லுக்குக் கண்ணாடிப் பெட்டி பொருந்தும். உப்பு அதில் அடங்கி இருக்காது. காற்றில் ஈரம் முக்கால் பங்கைத் தாண்டினால் உப்பு தன்னால் கசிந்து நீராகத் தொடங்கும். நம் கடற்கரையில் ஈரம் அந்த அளவைத் தாண்டாத நாள் அரிது. போலந்தின் வியலிச்காவில் இதைப் பெரிய அளவில் கண்டார்கள். 13ஆம் நூற்றாண்டிலிருந்து உப்பு வெட்டிய சுரங்கம், 327 மீட்டர் ஆழம், தொழிலாளிகளே உப்பில் செதுக்கிய சிலைகளும் வழிபாட்டுக் கூடங்களும் உள்ளே உண்டு. 1978இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலின் முதல் தொகுதியிலேயே சேர்த்தது. 1989இல் அதே யுனெஸ்கோ ஆபத்துப் பட்டியலுக்கு மாற்றியது. காற்றோட்டத்துக்கு வைத்த ஏற்பாடு ஈரத்தை உள்ளே கொண்டுவந்து சிலைகளின் முகம் கரைய ஆரம்பித்திருந்தது. ஈரத்தை உறிஞ்சும் எந்திரங்களை வைத்த பிறகு 1998இல்தான் ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

எனக்குப் பிடித்த வழி ஸ்லோவேனியாவில் இருக்கிறது. செச்சோவ்லியே என்ற இடத்தில் 1991இல் உப்புத் தொழிலுக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய உப்புத் தொழிலாளி வீடுகளைச் செப்பனிட்டு, அவற்றோடு சேர்த்துச் சில பாத்திகளையும் எடுத்துக்கொண்டார்கள். அங்கே இன்றும் பழைய முறையில் உப்பு விளைகிறது. பாத்தியின் அடியில் ‘பெத்தோலா’ என்று ஒரு படலம் வளர்க்கிறார்கள். நுண்ணுயிர்களும் ஜிப்சமும் சேர்ந்து இறுகிய மெல்லிய விரிப்பு அது. சேறும் உப்பும் கலக்காமல் அது தடுக்கிறது. நூற்றாண்டுக் கணக்காக வருஷா வருஷம் பராமரித்தால்தான் அது உயிரோடு இருக்கும். பூட்டி வைத்தால் செத்துவிடும். அந்த அருங்காட்சியகத்தின் மிகப் பழைய பொருள் அந்தப் படலம்தான் என்பேன். பார்க்க வருபவர் அதன்மேல் கால் வைக்க முடியாது, அலமாரியில் எடுத்து வைக்கவும் முடியாது.

மரக்காணத்துக்கும் அதுதான் வேண்டும். பத்துப் பாத்தி போதும். அளத்தின் நிலங்கள் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் சொந்தமானவை, குத்தகைக்கு விடப்படுகிறவை. ஆகையால் பத்துப் பாத்தியை ஒதுக்குவது பெரிய காரியம் இல்லை. அதில் வேலை செய்பவர்களுக்கு மாதச் சம்பளம். வந்து பார்ப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குத் தனிச் சம்பளம், ஏனென்றால் காலால் டிகிரி பார்க்கத் தெரிந்தவர் ஆசிரியர். நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் முதல் நாளிலிருந்தே. சுவரில் ஒரே ஒரு பலகை, அதில் இந்த அளத்தில் வேலை செய்தவர்களின் பெயர்கள், அவர்களே சொல்லச் சொல்ல எழுதியவை. மழைக்காலத்தில் மூடியிருக்கட்டும். வருகிறவர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அந்தத் தண்ணீரை அக்டோபருக்குப் பிறகு நாங்களும் போய்ப் பார்த்தோம். அடித்த மழையில் பாத்தியும் வரப்பும் ஒன்றாகி, அளம் இருந்த இடத்தில் ஏரி ஒன்று நின்றது. கொக்குகள் மேய்ந்தன. 2021இல் பறவைகள் சரணாலயமான கழுவேலி எங்கே முடிகிறது, அளம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோதும் இப்படித்தான், இதைவிட அதிகமாக. அக்டோபரிலிருந்து மூன்று மாதம் இங்கே யாருக்கும் வேலை இல்லை. அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் என்று கொண்டுவந்தது நல்ல காரியம். மூன்று மாதத்துக்கு 5,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு அக்கா மகள் நோட்டின் ஓரத்தில் எழுதி, வகுத்து, விடைக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள்.

அவளுடைய நான்கு பக்கம் ஜூனிலேயே பள்ளிக்குப் போய்விட்டிருந்தது. கட்டத்தில் ‘காலம்’ என்ற இடத்தில் ‘ஜனவரி முதல் செப்டம்பர் வரை’ என்று எழுதியிருந்தாள். அந்தக் கட்டத்துக்கு அதைவிடச் சரியான விடை எனக்கும் தோன்றவில்லை.

பொங்கல் கழிந்து, சொல்லி வைத்தபடி அந்த அம்மாவைத் தேடிப் போனோம். நீர் வடிந்து, சேறு இறுகுகிற பருவம். வாரியெடுக்க உப்பு இன்னும் இல்லை. ஐந்தாறு பேர் பாத்திக்குள் வரிசையாக நின்று, குதிகாலை ஊன்றி ஊன்றி, மெல்ல நகர்ந்து தரையை மிதித்துக்கொண்டிருந்தார்கள். தளம் கட்டுவது என்றார்கள். களிமண்ணை இப்படி நாள்கணக்கில் மிதித்து, கொஞ்சம் நீர் விட்டு, காயவிட்டு, மறுபடி மிதித்தால்தான் உவர்நீரை விழுங்காத தரை கிடைக்கும். போன வருஷத் தளம் மழையோடு போய்விட்டது. ஒவ்வொரு ஜனவரியிலும் இது புதிதாகத்தான் கட்டப்படுகிறது.

“செருப்பக் கழட்டிட்டு இறங்கு பாப்பா” என்றார் அந்த அம்மா. அவள் என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, அவர் பக்கத்தில் நின்று, அவரைப் பார்த்துப் பார்த்து மிதித்தாள். இரண்டு எட்டு வைத்ததும் திரும்பிப் பார்த்தாள். அவர் நடந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. இவள் நடந்த இடத்தில் ஐந்து விரலும் குதிகாலும் அச்சாக விழுந்திருந்தன.

“குழி இருந்தா அங்க சேறு கலக்கும், உப்பு கறுத்துப்பூடும்” என்றார் அவர். பிறகு திரும்பி வந்து, அவளுடைய கால்தடங்களின்மேல் ஒவ்வொன்றாகத் தன் வெடித்த பாதத்தை வைத்து அழுத்தி, சமமாக்கிக்கொண்டே போனார். அவள் பின்னாலேயே நின்று, அவர் குதிகால் எப்படித் திரும்புகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.